இலக்கை ரூபாயில் எழுதாதீர்கள், கிலோவில் எழுதுங்கள்: வீட்டில் பொடி அரைத்து விற்பவர்களுக்கு

மசாலாப் பொடி அரைத்து விற்கலாம் என்று முடிவெடுத்த அன்று நான் செய்த முதல் வேலை, பழைய காலண்டர் அட்டையில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் 'மாசம் 25,000' என்று எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியது. எட்டு மாசம் அது அங்கேயே இருந்தது. பால் கணக்கு, கேஸ் புக் செய்த தேதி எல்லாம் அதன் ஓரத்தில் ஏறி, எண்ணெய்க் கை பட்டுப் பட்டு எழுத்தே மங்கிப்போனது. அந்த எட்டு மாசத்தில் எந்த மாசம் எவ்வளவு வந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அதைவிடக் கூத்து, அந்த 25,000 விற்பனையா, லாபமா, வீட்டுச் செலவுக்கு எடுக்கக்கூடிய காசா என்று ஒருநாள்கூட நான் யோசித்ததில்லை.

மதுரையில் ஒரு மொட்டை மாடி, ஒரு அடுப்பு, பக்கத்துத் தெரு மாவு மில், இவ்வளவுதான் என் தொழிற்சாலை. குழம்புப் பொடி பிரதானம், கூடவே இட்லிப் பொடி, பருப்புப் பொடி. எனக்குத் தெரிந்தது இதுதான் என்பதால் இதை வைத்தே சொல்கிறேன். நீங்கள் பிளவுஸ் தைப்பவராக இருந்தால் கிலோ வரும் இடத்தில் பிளவுஸ் என்று வாசித்துக்கொள்ளுங்கள், கணக்கு பெரிதாக மாறாது.

ரூபாயில் எழுதினால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்கலாம். காலையில் எழுந்து '25,000' என்று படித்தால் அன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்லாது. 'இந்த வாரம் 14 கிலோ' என்று எழுதியிருந்தால், இன்றைக்கு வெயில் இருக்கிறது, மல்லியைக் காயப் போட வேண்டும் என்று உடனே கால் மாடிக்குப் போகும். மும்பையில் 1959-ல் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் ஆரம்பித்த லிஜ்ஜத் அப்பளம் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதில் எனக்குப் பிடித்த விஷயம், அங்கே வீட்டுக்கு மாவு வாங்கிப்போய் அப்பளம் உருட்டுகிற பெண்களுக்குக் கூலி உருட்டின கிலோவுக்குத்தான். எத்தனை கிலோ உருட்டினோம் என்பது உருட்டினவளுக்குத் தெரியும். நம் கையில் இருப்பது கிலோ. மிளகாய் விலை நம் கையில் இல்லை.

முதலில் அடக்க விலை

கிலோவில் இலக்கு வைக்க வேண்டுமென்றால் ஒரு கிலோவுக்கு என்ன நிற்கிறது என்று தெரிய வேண்டும். இதைச் செய்யாமல் முக்கால்வாசிப் பேர் தொழில் நடத்துகிறார்கள், நானும் நடத்தினேன், 'கடையில் 140 போடுகிறான், நாம் 120 போடுவோம்' என்று.

என் குழம்புப் பொடிக் கணக்கையே போடுகிறேன். விலைகளை முழு எண்ணாக்கியிருக்கிறேன், உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே ஒருமுறை எழுதிப் பாருங்கள். மல்லி 2 கிலோ 260, வற்றல் மிளகாய் 1 கிலோ 250, துவரம்பருப்பு 300 கிராம் 48, கடலைப்பருப்பு 300 கிராம் 30, மிளகு 200 கிராம் 160, சீரகம் 250 கிராம் 80, வெந்தயம் 100 கிராம் 10, விரலி மஞ்சள் 150 கிராம் 30, அரிசி 200 கிராம் 12, கறிவேப்பிலை 20. மொத்தம் நாலரைக் கிலோ சாமான், 900 ரூபாய்.

இங்கேதான் முதல் ஓட்டை. நாலரைக் கிலோ போட்டால் நாலரைக் கிலோ பொடி வராது. காம்பு கிள்ளியதில் கொஞ்சம், வெயிலில் ஈரம் போனதில் கொஞ்சம், வறுத்ததில் கொஞ்சம், மில்லுக்குள் ஒட்டிக்கொண்டது கொஞ்சம், சலித்த கப்பி கொஞ்சம் என்று எனக்கு நாலு கிலோதான் வருகிறது. ஆக சாமான் மட்டும் கிலோவுக்கு 225. அரைக்கூலி 90, ஆட்டோ 60, கேஸ் 50, கால் கிலோ கவரும் ஸ்டிக்கரும் பதினாறுக்கு 80. மொத்தம் 1,180, நாலால் வகுத்தால் அடக்கம் கிலோ 295. கால் கிலோ பாக்கெட் 130-க்கு விற்றால் கிலோ 520. கிலோவுக்கு 225 நிற்கிறது. என் உழைப்புக்கு இதில் ஒரு பைசா கூலி போடவில்லை, அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இப்போது மாசம் 12,000 வீட்டுக்கு எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 12,000-ஐ 225-ஆல் வகுத்தால் 53 கிலோ சொச்சம், 54 என்று வைப்போம். இதுதான் இலக்கு. அந்த 12,000-ஐ இனி மறந்துவிடலாம், நோட்டில் '54 கிலோ' என்று மட்டும் எழுதினால் போதும்.

இதே பொடியை நீங்கள் நேரே வீடுகளுக்குக் கொடுக்காமல் மளிகைக் கடைகளுக்குப் போட்டால் கதை வேறு. கடைக்காரர் 130 பாக்கெட்டை 105-க்குத்தான் எடுப்பார், அவரும் வாடகை கட்ட வேண்டும். அப்போது கிலோ 420, நமக்கு நிற்பது 125, அதே 12,000-க்கு 96 கிலோ அரைக்க வேண்டும். 54 எங்கே, 96 எங்கே. 'பத்துக் கடையில் போட்டுவிட்டால் போதும், ஓடிவிடும்' என்று யாராவது யோசனை சொன்னால் இந்த இரண்டு எண்ணையும் ஒருமுறை மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். கடைகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நானும் இரண்டு கடைக்குப் போடுகிறேன். ஆனால் எதன் மேல் இலக்கு நிற்கிறது என்று தெரிந்து போட வேண்டும்.

அப்புறம் மிளகாய். கிலோ 250-லிருந்து 350-க்கு ஏறினால் நாலு கிலோ பொடிக்கு 100 ரூபாய் கூடுதல், கிலோவுக்கு 225 நின்றது 200 ஆகும், 54 கிலோ இலக்கு 60 ஆகிவிடும். அதனால் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுச் சட்டம் மாட்டி வைக்கக் கூடாது. மூன்று மாசத்துக்கு ஒருமுறை புது விலையில் போட்டுப் பார்த்து, விலையை ஏற்றுவதா கிலோவை ஏற்றுவதா என்று முடிவு செய்ய வேண்டும். நான் பெரும்பாலும் விலையை 5 ரூபாய் ஏற்றிவிடுவேன். பயந்துகொண்டேதான் ஏற்றுவேன், ஆனால் இதுவரை ஐந்து ரூபாய்க்காக யாரும் என்னை விட்டுப் போனதில்லை.

கை தாங்குமா

54 கிலோ என்று எழுதியாயிற்று. உங்களால் அதை அரைக்க முடியுமா என்பது அடுத்த கேள்வி, இதற்குப் பதில் கண்டுபிடிக்க ஒரே வழி ஒரு ஈடு முழுக்க நேரம் குறித்துக்கொண்டு செய்வதுதான். மனக்கணக்கு பொய் சொல்லும். 'வறுக்க ஒரு மணி நேரம்' என்று நான் நினைத்திருந்தேன், செல்போனில் நேரம் பார்த்து எழுதினபோது மூன்று மணி நேரம்.

எனக்கு இரட்டை ஈடு, அதாவது ஒன்பது கிலோ சாமான் போட்டு எட்டு கிலோ பொடி எடுப்பதுதான் வசதி. கல் பொறுக்கிப் புடைத்துக் காம்பு கிள்ள இரண்டு மணி நேரம். காய்வது வெயிலின் வேலை, ஆனால் புறா விரட்ட ஆள் வேண்டும். வறுக்க மூன்று. மில்லுக்குப் போய் வர இரண்டு. ஆறவைத்துச் சலிக்க ஒன்று. 32 பாக்கெட் நிறுத்து, சீல் வைத்து, ஸ்டிக்கர் ஒட்ட இரண்டு. ஆக பத்து மணி நேரம், மூன்று நாளில் பரவிக் கிடக்கும். மாசத்துக்கு ஏழு இரட்டை ஈடு போட்டால் 56 கிலோ, 70 மணி நேரம். ஆர்டர் எடுப்பது, கொண்டுபோய்க் கொடுப்பது, வாட்ஸ்அப்பில் பதில் சொல்வது எல்லாம் சேர்த்து இன்னும் 30. நூறு மணி நேரத்துக்கு 12,000, அதாவது மணிக்கு 120 ரூபாய். இந்த எண் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் இப்போதே விலையை மாற்றுங்கள் அல்லது பொருளை மாற்றுங்கள். ஒரு வருஷம் முதுகு ஒடிந்த பிறகு தெரிந்துகொள்ள வேண்டாம்.

ஏழு இரட்டை ஈடு என்றால் 21 நாள். மாசத்தில் மிச்சம் ஒன்பது நாள், அதில் பிள்ளைக்குக் காய்ச்சல், ஊரில் ஒரு கல்யாணம், ஒரு துக்கம், கரண்ட் இல்லாத மில், மழை எல்லாம் அடங்க வேண்டும். எனக்கு அடங்கவில்லை. முதல் வருஷம் முழுக்க நான் ஐந்து ஈட்டுக்கு மேல் போட முடியாத ஆள் என்பதை ஒத்துக்கொள்ளவே ஆறு மாசம் ஆனது. வீட்டுத் தொழிலில் முதலாளியும் நாம்தான், சாம்பார் வைக்கிறவளும் நாம்தான், மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறவளும் நாம்தான் என்பதால், கை தாங்குவதில் முக்கால் பங்கை மட்டும் இலக்காக வையுங்கள். ஏழு முடியும் என்று தோன்றினால் ஐந்து எழுதுங்கள்.

மில் பற்றி ஒரு வார்த்தை, இலக்கோடு சம்பந்தம் இல்லாத மாதிரித் தெரியும், ஆனால் உண்டு. காலையில் முதல் ஆளாகப் போங்கள். நமக்கு முன்னால் யாராவது கம்பு அரைத்திருந்தால் அந்த மாவு நம் பொடியில் வரும், கறிமசாலா அரைத்திருந்தால் பட்டை வாசம் வரும். முதலில் நம் மல்லியில் ஒரு கை போட்டு ஓட்டி, அதைத் தனியே ஒதுக்கி வீட்டுக்கு வைத்துக்கொள்வது என் வழக்கம். 'இந்தத் தடவை ருசி வேற மாதிரி இருக்கே' என்று வருகிற பத்துப் புகாரில் பாதிக்கு இதுதான் காரணமாக இருந்தது.

வருஷம் ஒரே மாதிரி ஓடாது

பன்னிரண்டு மாசத்துக்கும் ஒரே எண்ணைப் போடுவது ஆபீஸ் சம்பளம் வாங்கியவர்களின் பழக்கம். பொடித் தொழில் தமிழ் மாசத்தில்தான் நடக்கிறது.

தை, மாசியில் புது மல்லி வரும். மாசி தாண்டினால் ராமநாதபுரம் முண்டு மிளகாய் வரத்து நன்றாக இருக்கும். பங்குனி, சித்திரையில் வெயில் அள்ளிக் கொடுக்கும். ஆனால் அப்போது விற்பனை படுக்கும், ஏனென்றால் வருஷத்துக்கு வேண்டிய பொடியை வீட்டிலேயே அரைத்து வைக்கிற குடும்பங்கள் எங்கள் பக்கம் இன்னும் நிறைய உண்டு, அவர்களும் அதே வெயிலில்தான் காயப் போடுவார்கள். முதல் வருஷம் சித்திரையில் விற்பனை பாதியானதும் தொழில் முடிந்தது என்று அழுதேன். இப்போது அந்த மாசங்களுக்கு விற்பனை இலக்கே வைப்பதில்லை, கொள்முதல் இலக்குதான். கீழமாசி வீதியில் நாலு கடை ஏறி இறங்கி, அடுத்த ஆறு மாசத்துக்கான மிளகாயில் எவ்வளவு வாங்க முடியுமோ அவ்வளவு வாங்கி, நன்றாகக் காயவைத்துக் காற்றுப் புகாமல் கட்டி வைப்பது. கூடவே மோர் மிளகாயும் கூழ் வடாமும் போட்டால் அது தனி வரவு.

புரட்டாசியில் கறிமசாலா விற்கிறவர்களுக்குக் கை காயும், குழம்புப் பொடிக்கும் பருப்புப் பொடிக்கும் நல்ல காலம். ஐப்பசியில் இரண்டு அடி. மழை பெய்து எதுவும் காயாது, வீட்டுக் காசெல்லாம் தீபாவளித் துணிக்கும் பலகாரத்துக்கும் போய்விடும். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் வீட்டில் அசைவம் கிடையாது, தை பிறந்தால் பழனிக்கு நடக்கிறவர்கள், இவர்களுக்கெல்லாம் இட்லிப் பொடியும் புளிக்காய்ச்சலும் சின்னப் பாக்கெட்டாகப் போகும்.

ஐப்பசி மழையில் நான் பட்ட அடியைச் சொல்லியே ஆக வேண்டும். இலக்கு 25,000 என்று ஃபிரிட்ஜ் கத்துகிறதே என்று, தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால், அரைகுறை வெயிலில் காய்ந்த மல்லியை வறுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நம்பி நாற்பது கிலோ அரைத்தேன். சூடு ஆறுவதற்குள் கவரில் போட்டுச் சீலும் வைத்தேன். இருபது நாளில் பொடி கட்டி தட்டி, பிரித்தால் மூக்கை முறுக்கும் வாடை. விற்றதையும் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு கொடுக்க வேண்டியதாயிற்று. நாற்பது கிலோவுக்கு அடக்கம் மட்டும் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு, அத்தனையும் குப்பைக்குப் போனது. அன்று ராத்திரிதான் அந்த அட்டையைக் கிழித்தேன். இப்போது ஐப்பசிக்கு நோட்டில் எழுதுவது 16 கிலோ, அதுவும் ஆவணியில் காயவைத்த சாமானில்.

எத்தனை வீடு

அரைக்கத் தெரிந்தால் போதுமா, வாங்க ஆள் வேண்டாமா. 54 கிலோ என்றால் கால் கிலோ பாக்கெட் 216. நாலு பேர் இருக்கிற வீட்டில் மாசம் இரண்டு பாக்கெட் தீரும் என்று வைத்தால் 108 வீடு. 'வாடிக்கையாளர்களைப் பெருக்க வேண்டும்' என்று சுவரில் எழுதுவதைவிட '108 வீடு' என்பது எவ்வளவு தெளிவு பாருங்கள். உங்களுக்குத் தெரிந்த வீடுகளைப் பேர் பேராக எழுதினால் முப்பது தேறும். பிள்ளையின் பள்ளி வாசலில் நிற்கும் அம்மாக்கள், கணவரின் ஆபீஸ், அக்கா குடியிருக்கும் அபார்ட்மென்ட் என்று எழுதிக்கொண்டே போனால் அறுபது, எழுபது. மிச்சத்துக்குத்தான் புதிதாகத் தேட வேண்டும்.

முதல் மூன்று மாசத்துக்கு 25 வீடு போதும். அந்த 25 வீட்டில் எத்தனை பேர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்கள் என்பதை மட்டும் எண்ணுங்கள். முதல் பாக்கெட்டைத் தெரிந்த முகத்துக்காக வாங்குவார்கள், இரண்டாவதைப் பொடிக்காக வாங்குவார்கள். 25-ல் 15 பேர் திரும்பி வந்தால் ஆளைக் கூட்டலாம். ஆறு பேர்தான் வந்தார்கள் என்றால் புது வீடு தேடி அலைய வேண்டாம், வராத பத்தொன்பது பேரில் நாலு பேரிடம் வெட்கத்தை விட்டுக் கேளுங்கள். என்னிடம் இரண்டு பேர் 'காரம் ஜாஸ்தி' என்றார்கள், ஒருவர் கவர் கிழிக்க வரவில்லை, டப்பாவில் கொட்டும்போது சிந்துகிறது என்றார். காரத்தைக் குறைக்கவில்லை, 'காரம் குறைவு' என்று தனியாக ஒரு ஈடு போட்டேன். கவரை மாற்றினேன்.

சொந்தக்காரர்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 'நம்ம வீட்டுப் பொடிதானே' என்று இரண்டு பாக்கெட் எடுத்துப்போகிற நாத்தனாரை நான் வாடிக்கையாளராக எண்ணி ஏமாந்திருக்கிறேன். ருசி பார்க்க 50 கிராம் சின்னக் கவர் தனியாகப் போட்டு வையுங்கள், மாசத்துக்கு இத்தனைதான் என்று அதற்கும் எண் வையுங்கள். முகம் கோணாமல் சமாளிக்க அதுதான் வழி.

நோட்டு

செல்போனில் செயலி இருக்கிறது, எக்ஸெல் இருக்கிறது, எல்லாம் நல்லதுதான். எனக்கு நாற்பது பக்க நோட்டு. மாவுக் கையோடு எழுதலாம்.

பக்கத்துக்கு நாலு பத்தி. எத்தனை கிலோ அரைத்தேன், எத்தனை கிலோ கைவிட்டுப் போனது, எவ்வளவு காசு வந்தது, எவ்வளவு பாக்கி. மூன்றாவதும் நாலாவதும் தனித்தனியாக இருப்பது முக்கியம். ஒரு கடைக்காரர் நாற்பது பாக்கெட் எடுத்தார், நான் அதை விற்பனையில் சேர்த்து அந்த மாச இலக்கு தாண்டியாயிற்று என்று சந்தோஷமாக இருந்தேன். அவர் இன்றைக்கு நாளைக்கு என்று நாலு மாசம் இழுத்து, பதினைந்து பாக்கெட்டை மட்டும், அதுவும் தேதி முடிந்த பிறகு, திருப்பித் தந்தார். காசு வராத சரக்கு இலக்கில் சேராது என்று அன்றைக்கு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதினேன். இப்போது எந்தக் கடைக்கும் பத்துப் பாக்கெட்டுக்கு மேல் கடன் இல்லை, பழைய பாக்கி முடித்தால்தான் புதுச் சரக்கு.

வீட்டு அடுப்புக்குப் போகிற பொடியையும் எழுதுங்கள். தொழிலுக்கென்று வங்கியில் தனிக் கணக்கு, தனி ஜிபே. ஒரே கணக்கில் கேபிள் காசும் மல்லிக் காசும் போய்க்கொண்டிருந்தால் எவ்வளவு நின்றது என்று பிரம்மாவுக்கும் தெரியாது. மாசக் கடைசியில் தொழில் கணக்கிலிருந்து வீட்டுக் கணக்குக்குச் சம்பளம் மாதிரி ஒரு தொகையை மாற்றிக்கொள்ளுங்கள், இரண்டாயிரமாக இருந்தாலும் சரி. வீட்டில் இருப்பவர்கள் இதைத் தொழில் என்று பார்க்க ஆரம்பித்தது எங்கள் வீட்டில் அந்த மாற்றத்துக்குப் பிறகுதான். அதுவரை 'பொழுதுபோக்கு'.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கால் மணி நேரம் நோட்டோடு உட்காருங்கள். இலக்கு தப்பியிருந்தால் மூன்றில் ஒன்றுதான் நடந்திருக்கும். அரைத்தது குறைவு, அல்லது அரைத்தது அப்படியே இருக்கிறது, அல்லது போனது ஆனால் காசு வரவில்லை. மூன்றுக்கும் வைத்தியம் வேறு. அரைத்தது குறைந்தால் நேரத்தைப் பாருங்கள், காம்பு கிள்ள பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கூலி கொடுத்தால் எனக்கு ஈட்டுக்கு இரண்டு மணி நேரம் மிச்சம், அந்தக் கூலியை அடக்கத்தில் சேர்த்துக்கொள்ள மறக்காதீர்கள். பொடி தேங்கினால் அரைப்பதை நிறுத்துங்கள், புதிதாக அரைத்த பொடி என்பது மட்டும்தான் நமக்கும் பெரிய கம்பெனிக்கும் உள்ள வித்தியாசம், இரண்டு மாசப் பழசை விற்றால் அதுவும் போச்சு. காசு வரவில்லை என்றால் அந்த வாரம் முழுக்க வசூல் மட்டும்தான் வேலை. நான் ஒருகாலத்தில் மூன்றுக்கும் ஒரே மருந்தாக 'இன்னும் அதிகமாக உழைப்பது' என்று வைத்திருந்தேன்.

காகித வேலைக்கும் தேதி வையுங்கள்

இதை எல்லோரும் தள்ளிப்போடுவார்கள், அதனால் இதையும் இலக்காக்கி, தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். வீட்டில் செய்தாலும் உணவுப் பொருள் விற்க எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு வேண்டும். நான் செய்தபோது சின்ன அளவு வியாபாரத்துக்கான பதிவுக் கட்டணம் வருஷத்துக்கு 100 ரூபாய்தான், அவர்களின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம். கிடைக்கிற 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் அச்சடிக்க வேண்டும். அதோடு பொருளின் பெயர், சேர்மானம், நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, அரைத்த தேதி, எத்தனை நாளுக்குள் பயன்படுத்த வேண்டும், உங்கள் முகவரி, தொடர்பு எண், சைவத்துக்கான பச்சைப் புள்ளி. முதல் ஸ்டிக்கரை ஆயிரம் அடிக்காதீர்கள், நூறு அடியுங்கள், நிச்சயம் ஏதாவது விட்டுப்போயிருக்கும்.

சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு 2020 ஜூலையிலிருந்து இருக்கிறது, ஆதாரை வைத்து இலவசமாகச் செய்யலாம், இதற்கு யாராவது ஆயிரம், இரண்டாயிரம் கேட்டால் கொடுக்க வேண்டாம். பொருள் விற்பவர்களுக்கு ஜிஎஸ்டி பதிவுக்கான விற்பனை வரம்பு நம் மாநிலத்தில் வருஷத்துக்கு 40 லட்சம், ஆனால் அது மாநிலத்துக்குள் விற்கும் வரைதான், பெங்களூருக்கு கூரியர் போட ஆரம்பித்தால் சட்டம் வேறு, அதற்கு முன்னால் ஆடிட்டர் ஒருவரைப் பார்த்துவிடுங்கள். வீட்டு சிலிண்டரைத் தொழிலுக்கு எரிக்கவும் கூடாது, வணிக சிலிண்டரின் விலையை அடக்கத்தில் போட்டுத்தான் விலை வைக்க வேண்டும்.

கடன் பற்றிக் கேட்பீர்கள். முத்ரா திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 வரை கிடைக்கிறது, பிணை கேட்க மாட்டார்கள். வாங்குவது தப்பில்லை, ஆனால் ஆறு மாச நோட்டு கையில் இல்லாமல் வங்கிப் படி ஏற வேண்டாம் என்பேன். எந்த மெஷின் வந்தால் எந்த வேலை எத்தனை மணி நேரம் குறையும், அதனால் எத்தனை கிலோ கூடும், அந்தக் கிலோவை வாங்க வீடு இருக்கிறதா என்று நோட்டு சொல்லும். எனக்கு வீட்டிலேயே அரைவை மெஷின் போட வேண்டும் என்று ஆசை, கணக்குப் போட்டால் அது மிச்சப்படுத்துவது ஈட்டுக்கு ஒன்றரை மணி நேரம். 54 கிலோவுக்கு மெஷின் தேவையில்லை என்று நோட்டு சொல்லிவிட்டது. கொஞ்சம் வருத்தம்தான்.

அடுத்த பொருள் எப்போது? ஒரு பொடியில் திரும்பி வாங்குபவர்கள் அறுபது வீட்டைத் தாண்டி, தொடர்ந்து மூன்று மாசம் நாலாவது பத்தியில் பாக்கி ஆயிரம் ரூபாய்க்குள் நின்றால்தான் இரண்டாவது பொருளை நோட்டில் பேனாவால் எழுதலாம் என்று எனக்கு நானே ஒரு விதி வைத்திருக்கிறேன். அதுவரை பென்சில். இட்லிப் பொடியும் பருப்புப் பொடியும் அப்படித்தான் பேனாவுக்கு வந்தன. பிரண்டைத் தொக்கு ஒன்றரை வருஷமாகப் பென்சிலிலேயே இருக்கிறது, போன மாசம்கூட பாக்கி 1,400.